அகல மரை

வீட்டுக்குள்ளேயே கழிப்பறை கட்டிவிடலாம் என்று தோக்தோசுன் வந்து சொன்ன அன்றைக்குத்தான் ஜிபாருக்கு முதல் சந்தேகம் விழுந்தது. தோக்தோசுன் அவளுடைய மூத்தார், புருஷனின் அண்ணன். கோடை முழுக்க ஏரிக்கரை விடுதிகளில் ஜிப்சம் பலகை மாட்டுவது அவர் தொழில். ஊருக்கெல்லாம் சுவர் எழுப்பிக் கொடுக்கிற மனுஷன், தம்பி வீட்டில் கழன்று தொங்கிய கதவுக் கீல் ஒன்றை முடுக்கிவிட ஒரு வருஷம் எடுத்துக்கொண்டவர். அவர் இப்போது கூப்பிடாமலே வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் நின்று, பனி விழுவதற்குள் உன் வீட்டைச் சரிபண்ணிவிடலாம் கெலின் என்கிறார். கூலியும் வேண்டாமாம். யாருக்குத்தான் சந்தேகம் வராது.

ஏரிக்கரை ஊரான எங்கள் பாலிக்சியில் வீட்டுக்கு வந்த மருமகளுக்குப் பேர் கிடையாது, தலை நரைத்தாலும் கெலின்தான். கெலின் மூத்தாரிடம் வாதாடக் கூடாது. ஜிபார், அண்ணன் முறைக்குச் சொல்கிற பைகே போட்டு, சரி பைகே என்று தலையாட்டிவிட்டுத் தேநீர் போடப் போனாள். அடுப்படியில் நின்றுகொண்டு யோசித்துப் பார்த்தாள். மாமனார் காலத்திலிருந்து கழிப்பறை முற்றத்தின் கோடியில்தான் இருக்கிறது. மேற்கே கணவாயிலிருந்து உலான் காற்று கிளம்பிவிட்டால் அதன் கதவைக் கயிறு போட்டு உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதற்காக யாரும் செத்துப்போய்விடவில்லை. இப்போது யாருக்காக அது வீட்டுக்குள் வருகிறது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

ஜிபார் லேசில் யாரையும் நம்புகிறவள் அல்ல. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. அங்கே வருகிற உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்த்து அடி வரைக்கும் கைவிட்டுப் பார்க்காமல் உள்ளே எடுக்க மாட்டாள். மூட்டைக்காரர்கள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தக் கை இப்போது தன் வீட்டையே துழாவ ஆரம்பித்தது.

துழாவுவதற்கு விஷயமும் இருந்தது. அவள் புருஷன் மெடெத் ரஷ்யாவில் உரால் பக்கம் ஒரு பட்டணத்தில் கட்டட வேலை பார்க்கிறான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனில் முகம் காட்டிப் பேசுவான். மகள் ஐதாய் போனைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடி ஆட்டுக்குட்டி வரைக்கும் அப்பாவுக்குக் காட்டுவாள். ஆகஸ்டிலிருந்து குரல் மட்டும்தான் வருகிறது. கேமரா உடைந்துவிட்டதாம். கூட இருக்கிறவன் போனை வாங்கிப் பேசக் கூடாதா என்று ஜிபார் கேட்டதற்கு அவர்களுக்கெல்லாம் நேரமில்லை என்றான். ஒரு நாள் அவன் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. ரஷ்ய மொழியில், உரிமையோடு அதட்டி, ஏன் இன்னும் சாப்பிடவில்லை என்று கேட்டது. யாரது என்றாள். டிவி என்றான். சாப்பிட்டாயா என்று அக்கறையாகக் கேட்கிற டிவியை ஜிபார் இதுவரை கண்டதில்லை.

அந்தக் குரலுக்கு அன்றைக்கே லூபா என்று பேர் வைத்துவிட்டாள். பேர் வைத்த பிறகு மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்தது. லூபாவுக்கு மஞ்சள் தலைமுடி, சிவப்பு நகப்பூச்சு. லூபாவுக்கு முற்றத்தின் கோடிக்குப் போகத் தெரியாது. கடைசிப் பிள்ளைக்குத்தான் அப்பன் வீடு என்பது எங்கள் வழக்கம், அதனால் மண்சுவர் வைத்த இந்த வீடு மெடெத்துடையது. இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து நடுவீட்டில் உட்கார வைத்த ஆண்கள் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. மூத்தவள் ஒரு வார்த்தை பேசாமல் பின்பக்க அறைக்குப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனதையும் ஜிபார் பார்த்திருக்கிறாள். தன்னால் அது முடியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வேலை ஆரம்பமாயிற்று. தூசி நெஞ்சில் இறங்கும் என்று சொல்லித் தோக்தோசுனின் மனைவி சோனுன் ஐதாயைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது ஜிபாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஓரகத்திகள் இருவரும் ஒரு பாலேட்டுச் சட்டிக்காகப் பேச்சை நிறுத்தி வைத்திருந்தவர்கள். இப்போது அதே சோனுன் ஒரு நாள் புகைபோட்ட மீன் கொண்டுவருகிறாள், ஒரு நாள் பாதாமிப் பழ ஜாம். வெங்காயமே உரிக்காத நாளில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். தெருக்குழாயடியில் பெண்கள் ஜிபாரைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டு, முதலில் நீ பிடித்துக்கொள் என்று வாளியை நகர்த்தி இடம் கொடுக்கிறார்கள். குழாயடியில் இடம் கொடுக்கிறவர்களை நம்பவே கூடாது என்று ஜிபார் மனசுக்குள் சொல்லிக்கொண்டு தண்ணீர் பிடித்தாள்.

பலகையும் தகரச் சட்டமும் வண்டியில் வந்து இறங்கின. ஸ்க்ரூ மட்டும் போதவில்லை என்று தோக்தோசுன் அவளைச் சந்தைக்கு அனுப்பினார். ஷாகிர் கடையில் கேட்டு வாங்கு, கறுப்பு, விரல் கணு நீளம், தகரத்துக்கு என்று சொல்லு, அவன் கொடுப்பான் என்றார். ஷாகிர் அவளை எஜே, அக்கா என்று கூப்பிட்டு, இரண்டு டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தான். இரண்டும் கறுப்பு. தலையைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உடம்பைப் பார்த்தால்தான் தெரிந்தது. ஒன்றில் மரை நெருக்கமாகச் சுற்றியிருந்தது, இன்னொன்றில் அகலமாக விட்டு விட்டு ஏறியிருந்தது.

"நெருக்க மரை தகரத்துக்கு, எஜே. கடிச்சுக்கிட்டு நிக்கும். அகல மரை மரத்துக்கு. அதைக் கொண்டுபோய்த் தகரத்துல போட்டீங்கன்னா சுத்திக்கிட்டே இருக்கும், பிடிக்காது."

"நெருக்க மரையை மரத்துல போட்டா?"

"பிடிச்ச மாதிரிதான் இருக்கும். பாரம் ஏறிச்சுன்னா மரத்தைப் பிச்சுக்கிட்டு வந்துரும்."

அவன் விற்காத சரக்கைத் தன் தலையில் கட்டுகிறானோ என்று பக்கத்துக் கடையிலும் போய்க் கேட்டுவிட்டு வந்துதான் ஜிபார் வாங்கினாள். வீட்டில் தோக்தோசுன் டப்பாவைத் திறந்து ஒரு ஸ்க்ரூவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சரியாக வாங்கியிருக்கிறாய் என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வந்ததும் அவளுக்குக் கவலையாகிவிட்டது.

அவருடைய வேலையில் குற்றம் சொல்ல முடியாது என்பதை அவளும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கோணலும் மாணலுமாக இருந்த மண்சுவருக்கு முன்னால் நூல் பிடித்துத் தகரச் சட்டங்களை நிமிர்த்தி நிறுத்தினார். பலகையைக் கத்தியால் ஒரு கீறு கீறி முழங்காலில் வைத்து மடக்கினால் ரொட்டி உடைவதுபோல உடைந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஜிபார் மேல்பாதிப் பலகையைத் தோள் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பாள், அவர் மெஷினால் மேலிருந்து கீழாக ஸ்க்ரூ இறக்கிக்கொண்டு வருவார். ஸ்க்ரூவின் தலை பலகையின் காகிதத்துக்குள் ஒரு மயிரளவு அமுங்க வேண்டும், காகிதம் கிழியக் கூடாது. கிழிந்தால் பிடிமானம் போயிற்று என்று அதைக் கழற்றிவிட்டு ஒரு விரல் தள்ளி வேறொன்று போடுவார். வெள்ளைத் தூசி தேநீரில் விழுந்தது, ஆவியில் வெந்த ஓரோமோவின் மேல் விழுந்தது. தோக்தோசுன் ஊதிவிட்டுச் சாப்பிட்டார். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் ஒரு தமாஷ், ஒரு ஊர்க்கதை அவர் வாயிலிருந்து வரவில்லை. மெடெத்தைப் பற்றிக் கேட்டால் மெஷினை ஓட்டினார்.

ஒரு மத்தியானம் ஜிபார் சீக்கிரம் வந்துவிட்டாள். உள்ளே ரம்பச் சத்தம் கேட்டது. தோக்தோசுன் நடுவாசலின் நிலைப்படியை அறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடுகளில் நிலைப்படியை மிதிக்க மாட்டோம், அதன்மேல் உட்கார மாட்டோம், அதற்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு அந்தப்பக்கத்து ஆளுக்குக் கைகொடுக்க மாட்டோம். அந்தப் படியைத் தரையோடு தரையாக வழித்துவிட்டார் மனுஷன். கதவின் இரண்டு பக்கத்திலும் சுவரைக் கொத்தி வழியை வேறு அகலப்படுத்தி வைத்திருந்தார்.

"பைகே, நிலைப்படியை ஏன் அறுக்கிறீங்க?"

"உளுத்துப்போச்சு."

"உளுக்கலையே. தூளு வெள்ளையா இருக்கே."

"தள்ளி நில்லு, கெலின். கண்ணுல விழும்."

லூபா எவ்வளவு அகலமானவள் என்று ஜிபார் அன்றைக்கு யோசித்தாள். இல்லை, அவளுடைய பெரிய கட்டில் உள்ளே நுழைவதற்கா. இரவு தனியாகப் படுத்திருந்தபோது இதையெல்லாம் நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

வீட்டுச் சுவரில் பலகை முடிந்தது. புதுக் கழிப்பறை வரப்போகிற குளியலறைப் பக்கம் மட்டும் பாக்கி. அங்கே வாசலில் ஒரு பிளாஸ்டிக் படுதாவைத் தொங்கவிட்டு, பசை காய்கிறது, உள்ளே வராதே என்று சொல்லியிருந்தார். மறுநாள் பட்டி பூசிவிட்டால் ஸ்க்ரூத் தலைகள் எல்லாம் மறைந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜிபார் தரையைப் பெருக்கினாள். தூசிக்குள் ஸ்க்ரூ ஒன்று கிடந்தது. எடுத்து டப்பாவில் போடப் போனவள் கையை நிறுத்தினாள். மரை அகலமாக ஏறியிருந்தது.

இந்தச் சுவரில் மரமே கிடையாது. சட்டமெல்லாம் தகரம், அவளே வண்டியிலிருந்து இறக்கினாள். அவள் வாங்கி வந்தது நெருக்க மரை. அப்படியானால் இது யாருடையது. ஜிபார் துடைப்பத்தைச் சாத்திவிட்டுச் சுவரை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தாள். மேலிருந்து கீழாக, சட்டம் இருக்கிற இடத்திலெல்லாம் ஸ்க்ரூத் தலைகள் வரிசையாக இறங்கியிருந்தன. அது சரி. ஆனால் அவற்றுக்குக் குறுக்கே, படுக்கையறையில் தொடங்கி நடை வழியாகக் குளியலறை வரைக்கும், இன்னும் இரண்டு வரிசை படுக்கையாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று அவள் இடுப்புக்கு மேலே, ஒன்று அதற்குக் கீழே. கீழ்ப்பாதிப் பலகையை எல்லாம் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம் பார்த்துப் போட்டு மூடியிருக்கிறார்.

மேசை இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்துக் கீழ்வரிசையில் ஒன்றைக் கழற்றினாள். தகரத்தில் மாட்டிய ஸ்க்ரூ லேசாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். இது வரவில்லை. மணிக்கட்டு வலிக்க வலிக்கச் சுற்ற வேண்டியிருந்தது. கடைசியில் வெளியே வந்தபோது அகல மரை முழுக்க மஞ்சள் நார் ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தாள். பைன் மரம். சுவருக்குள்ளே, அவளுக்குத் தெரியாமல், கனமான மரம் வைத்து மூடியிருக்கிறார்கள்.

எதற்கு என்று அவள் அதிக நேரம் யோசிக்கவில்லை. பட்டணத்துக்காரிகள் வீட்டில் சுவரெல்லாம் அலமாரி தொங்கும், ஆள் உயரக் கண்ணாடி தொங்கும். அதையெல்லாம் மாட்டுவதற்கு இப்போதே உள்ளே மரம் கொடுத்து வைத்திருக்கிறார்கள், சாமான் வந்து இறங்குகிறபோதுதான் இவளுக்குத் தெரிய வேண்டும் என்று. அவளுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. கையில் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டே மெடெத்துக்குப் போன் போட்டாள்.

"செவுத்துக்குள்ள என்ன வச்சு மூடியிருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள்.

மெடெத் கேட்டான்: "அண்ணன் சொன்னாரா?"

"யாரும் சொல்ல வேண்டாம். எனக்குக் கண்ணு இருக்கு. எப்போலேர்ந்து?"

"ஆகஸ்ட்லேர்ந்து." பிறகு மெதுவாக, "நானே சொல்லணும்னு இருந்தேன் ஜிபார். போனை எடுப்பேன், வாய் வராது," என்றான்.

"ஊரு பூரா தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்படின்னா கேட்டுக்க. இந்த வீட்டுக்கு அப்படி ஒரு கோலத்துல வந்துராதே. அங்கேயே இருந்துக்க. என்னால அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அவன் சத்தம் போடுவான், சாக்குச் சொல்வான், குறைந்தது ஒரு பொய்யாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள்.

"நீ சொல்றது நியாயந்தான்," என்றான். "உன்னை நான் தப்பா நினைக்க மாட்டேன். பாப்பாவப் பாத்துக்க."

போன் அணைந்துவிட்டது. திரும்பப் போட்டாள், கிடைக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று ஜிபார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, தூசி படிந்த தலைத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

காலையில் தோக்தோசுன் வந்தார். பட்டி குழைக்க வாளியை எடுத்தவர் சுவரைப் பார்த்துவிட்டு நின்றார். அவள் கழற்றின ஸ்க்ரூவின் ஓட்டையில் காகிதம் கிழிந்திருந்தது. அதை விரலால் தடவினார். திரும்பி அவளைப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். கெலின் அப்படிப் பார்க்கக் கூடாதுதான், ஆனாலும் பார்த்தாள். அவர் கோட்டுப்பைக்குள் கைவிட்டு அகல மரை ஒன்றை எடுத்து, ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளி இறக்கினார். அதற்குள் அவர் போன் அடித்தது. முற்றத்துக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். உலான் காற்று அவர் பேச்சையெல்லாம் ஏரிப் பக்கம் கொண்டுபோனது. திரும்பி வந்தபோது அவர் முகம் பலகையைப்போல வெளுத்திருந்தது.

குளியலறைக்கு வேறு ஸ்க்ரூ வேண்டும், ஈரத்தில் கறுப்பு துருப்பிடித்துச் சுவரெல்லாம் சிவப்பாகக் கசியும், மஞ்சள் முலாம் போட்டது வாங்கி வா என்றார். அவசரமில்லை, மெதுவாக வா என்றார். தன்னை வெளியே அனுப்புகிறார் என்று ஜிபாருக்குப் புரிந்தது. இருக்கட்டும், ஷாகிரையும் ஒரு கை பார்த்துவிடுவோம் என்று கழற்றிய ஸ்க்ரூவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

சந்தையில் காற்றுக்குப் பாதிக் கடைகள் படுதாவை இறக்கியிருந்தன. ஷாகிர் மஞ்சள் ஸ்க்ரூவை நிறுக்கும்போது ஜிபார் கைக்குட்டையை அவிழ்த்து அவன் தராசுப் பக்கத்தில் வைத்தாள்.

"இது உன் கடைச் சரக்கா?"

"ஆமா எஜே. பைகே வாங்கிட்டுப் போனாரு."

"தகரச் செவுத்துக்கு மரம் என்னத்துக்கு? என்ன மாட்டப் போறாங்க? அலமாரியா?"

"அலமாரிக்கு எதுக்கு இவ்வளவு மரம்," என்றான் ஷாகிர், வியாபாரப் பேச்சின் வேகத்தில். "பைகே கேட்டதே அதுதானே, ஒரு ஆளு முழு பாரத்தையும் போட்டுத் தொங்கினாலும் அசையக் கூடாதுன்னாரு. அதான் உள்ள பைன் பலகை குடுத்து, அகல மரை போடச் சொன்னேன். கையை ஊனி..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். தராசில் இருந்த ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் போட்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காசு வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். உருளைக்கிழங்கு மூட்டைக்கு ஒரு காசு குறைத்தாலும் வரிந்துகட்டிக்கொண்டு வருகிற சந்தையில் ஒருத்தன் காசு வேண்டாம் என்கிறான்.

ஜிபார் வீட்டுக்கு ஓடினாள். தோக்தோசுன் இல்லை, மெஷின் தரையில் கிடந்தது. நேராகக் குளியலறைக்குப் போய்ப் பிளாஸ்டிக் படுதாவை விலக்கினாள். பசையும் இல்லை ஒன்றும் இல்லை. பீங்கான் கழிப்பறைத் தொட்டி மட்டும் பொருத்தியிருந்தது. அதைச் சுற்றி இருந்த சுவருக்கு இன்னும் பலகை போடவில்லை, உள்ளிருந்த மரம் அம்மணமாகத் தெரிந்தது. தொட்டியின் இரண்டு பக்கமும், தாழ்வாக, கையகலப் பைன் பலகைகள். அவற்றின்மேல் பென்சிலால் கோடு போட்டு, அழித்து, கொஞ்சம் மேலே போட்டு, அதையும் அழித்து, திரும்பக் கீழே போட்டிருந்தார். இவ்வளவு நிச்சயமில்லாமல் அவர் ஒரு கோடு போட்டு அவள் பார்த்ததில்லை.

அவள் அந்தத் தொட்டியின்மேலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவுடன் இரண்டு கைகளும் தானாகப் பக்கத்து மரங்களின்மேல் போயின. அவற்றை அழுத்தி, காலை ஊன்றாமல், கையாலேயே உடம்பைத் தூக்கிப் பார்த்தாள். உடம்பு எழுந்தது.

வெளியே வந்தாள். நடையில் அந்தப் படுக்கை வரிசையின்மேல் கையை வைத்துக்கொண்டே நடந்தாள். அது கழிப்பறையிலிருந்து நேராக அவர்களுடைய கட்டிலண்டை போய் நின்றது. அறுத்த நிலைப்படி, அகலமான வழி, முகம் காட்டாத போன், ஏன் சாப்பிடவில்லை என்று அதட்டுகிற குரல். ஆஸ்பத்திரியில்தான் அப்படி அதட்டுவார்கள். அப்புறம் நேற்று சாயங்காலம் தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்படி ஒரு கோலத்தில் வராதே என்றாள். பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றாள். அவன் நியாயந்தான் என்றான்.

போன் போட்டாள். இன்னும் அணைந்தே கிடந்தது.

மூத்தார் வீடு இரண்டு சந்து தள்ளி. காற்றில் தலைத்துணி அவிழ்ந்து போனதைக்கூடப் பிடிக்காமல் போனாள். முற்றத்தில் நாலைந்து ஜோடிப் பூட்ஸ் வரிசையாகக் கிடந்தன. உள்ளே விரிப்பைச் சுற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அஷிர்பாய் தாத்தா, தாடியும் வெள்ளைத் தொப்பியுமாக. கெட்ட சேதியை எங்கள் பக்கத்தில் யாரும் தனியாளாகப் போய்ச் சொல்லிவிட மாட்டார்கள், போனில் சொல்வது பாவம். வயசானவர்கள் கூடி, நாள் பார்த்து, விடிகிற நேரத்தில் போய், உட்காரவைத்து, சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். அதுவரை ஊரே வாயைப் பொத்திக்கொள்ளும். ஊர் இரண்டு மாசமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தது, நாள்தான் அமையவில்லை.

அவளைப் பார்த்ததும் சோனுன் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டாள். தோக்தோசுன் எழுந்து நின்றார். அஷிர்பாய் தாத்தா தாடியைத் தடவிக்கொண்டு, வா மகளே, உட்கார், குளிர் காற்றில் வந்திருக்கிறாய், முதலில் ஒரு வாய் தேநீர் குடி என்று ஆரம்பித்தார். எப்படியும் அவர் வானிலையைத் தாண்டி விஷயத்துக்கு வர ஒரு மணி நேரமாகும்.

ஜிபார் உட்காரவில்லை. "ஒரு காலா, ரெண்டு காலா?" என்றாள்.

தோக்தோசுன்தான் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சாரம் ஒடைஞ்சு விழுந்துட்டான். முதுகெலும்புல அடி. கால் ரெண்டும் இருக்கு. ஓட்டம்தான் இல்ல. ஒரு டாக்டர் நிப்பான்றாரு. ஒருத்தர் நிக்க மாட்டான்றாரு. அதான் ரெண்டு வரிசையா மரம் வச்சேன். நின்னா ஒண்ணு, உக்காந்தா ஒண்ணு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"அவன்தான் வேண்டாம்னான். பெரியவங்க வந்து முறையாச் சொல்லட்டும், அதுக்குள்ள வீட்டைத் தயார் பண்ணுன்னான். ஞாயித்துக்கிழமை போய்க் கூட்டிட்டு வர்றதா இருந்தேன்." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "காலையில போன் பண்ணினான். வராதேங்கிறான். கெலினுக்குத் தெரிஞ்சுபோச்சு, அவ வேண்டாம்னுட்டா, அவ மேல குத்தமில்லேங்கிறான்."

ஜிபாருக்கு வந்த கோபத்தில் கெலின், மூத்தார், பெரியவர் எல்லாம் மறந்துபோயிற்று. "ரெண்டு மாசம் நல்ல நேரம் பாத்தீங்களே," என்றாள். "குழாயடியில நிக்கிறவளுக்குத் தெரியும். ஸ்க்ரூ விக்கிறவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நீங்க நேரம் பாத்துக்கிட்டு இருந்த நேரத்துல நான் எம் புருஷனை வராதேன்னு சொல்லிட்டேன். இப்ப இதை எந்தப் பெரியவரு போய் அவர்கிட்ட முறையாச் சொல்லுவாரு?"

அஷிர்பாய் தாத்தாவின் கை தாடியிலேயே நின்றுவிட்டது. சோனுன் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தோக்தோசுன் தன் போனை எடுத்துத் தம்பியின் இன்னொரு எண்ணைப் போட்டு அவள் கையில் கொடுத்தார். வெகுநேரம் அடித்தது. பிறகு மெடெத்தின் குரல், அண்ணா, நான்தான் சொன்னேனே என்றது.

"நான்தான்," என்றாள் ஜிபார். "வச்சுராதே. நேத்து நான் பேசினது உன் காலைப் பத்தி இல்ல. கால் விஷயம் எனக்கு இப்பத்தான் தெரியும். நீ ஒருத்தியக் கூட்டிக்கிட்டு வரப்போறேன்னு நெனச்சேன்."

"எவளை?"

"லூபான்னு ஒருத்தி. நான்தான் பேரு வச்சேன்."

பெரியவர்கள் தங்கள் தேநீர்க் கிண்ணங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனில் ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும், அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

"குளியலறைச் செவுத்தை இன்னும் மூடல," என்றாள், குரலைச் சரிபண்ணிக்கொண்டு. "எந்த ஒசரத்துல கைப்பிடி வேணும்னு தெரியாம உங்கண்ணன் கோடு போட்டுக் கோடு போட்டு அழிச்சு வச்சிருக்காரு. நீ வந்து உக்காந்து கையை நீட்டினாத்தான் அளவு தெரியும்."

"ஜிபார், ஒண்ணு சொல்றேன் கேளு. நிப்பேன்னு டாக்டர் சொல்றது என் மனசு நோகக் கூடாதுன்னுதான். நான் நிக்க மாட்டேன். மேல் வரிசையெல்லாம் வீண்."

"வீண் இல்ல," என்றாள் ஜிபார். "கீழ்வரிசை உனக்கு. உன்னைத் தூக்கறப்போ நான் எதைப் பிடிச்சுக்கிறதாம்?"